தச்சன் கை நூலும் நம் கை நூலும்

திருச்சிற்றம்பலம்



திருமயிலைக் கபாலீச்சரத்திலே பங்குனிப் பெருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் மாடவீதிகள் நான்கும் கயிலைச் சாரலாகிவிடும். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவில் இடபம், ஏழாம் நாள் திருத்தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர் என்று நாள்தோறும் நம் கண்கள் செய்த தவம் பலிக்கிறது. திருஞானசம்பந்தப் பெருமான் பூம்பாவையை உயிர்ப்பித்த திருப்பதிகத்திலே இவ்வூரின் விழாக்களையே எடுத்தெடுத்து ஓதினார் என்றால் அவற்றின் பெருமையை அடியேன் விரிக்கவும் வேண்டுமோ?

விழாக் காண வருகிற நாம் வாகனத்தைக் காண்கிறோம். வாகனத்தின்மேல் பெருமானைக் காண்கிறோம். வெள்ளித் தகட்டின் கீழே மரம் இருப்பதை நினைப்பவர் சிலர். அம்மரத்துக்கு உருக்கொடுத்த உளியை நினைப்பவர் அவரினும் சிலர். உளி வைப்பதற்கு முன்னே அம்மரத்தின்மேல் விழுந்து, உளி பட்டதும் மறைந்துபோன கோட்டினை நினைப்பவர் உளரோ எனில், மிக அரியர். இன்றைய விளக்கம் அந்தக் கோட்டினைப் பற்றியது.

திருமூல நாயனார் மரத்தாற் செய்த யானையை உவமையாக எடுத்தாண்டார். யானையைக் காணும்போது மரம் தோன்றுவதில்லை. மரத்தைக் காணும்போது யானை தோன்றுவதில்லை என்பது அதன் கருத்து. அந்த மரத்துக்கும் அந்த யானைக்கும் இடையே ஒரு நாள் இருந்தது. அன்று அது வெறும் மரமும் அன்று, யானையும் அன்று. யானை முழுவதும் கோடுகளாக மரத்தின்மேல் கிடந்த நாள் அது. அந்த நாளில் தச்சன் கையில் இருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஓர் உவமையும் ஓர் ஆசாரியார் சொல்லும்

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். ஆயினும் அவர் நூலுக்குச் சங்கரநமச்சிவாயர் உரை கண்டார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்திச் செப்பம் செய்தார். ஆதலின் சைவ மடங்களில் அந்நூல் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக இருந்து வருகிறது. அதன் பொதுப்பாயிரத்தில், புத்தகத்துக்கு ‘நூல்’ என்று பெயர் வந்த காரணத்தை முனிவர் இரண்டு உவமைகளால் விளக்குகிறார். பஞ்சிலிருந்து இழை நூற்பது போலச் சொல்லிலிருந்து நூற்கப்படுவது என்பது ஒன்று. தச்சனுடைய நூல் மரத்தின் கோணலைப் போக்குவது போல, கற்கும் நூல் மாந்தர் மனத்தின் கோணலைப் போக்கும் என்பது மற்றொன்று. கோணலுக்கு அவர் ஆளும் சொல் ‘கோட்டம்’.

அடியேன் இளமையில் இதைப் பாடங்கேட்டேன். பிறகு எத்தனையோ மேடைகளில் இதையே சொல்லிக் கைதட்டும் பெற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், பழுதுபட்ட வாகனம் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்த இடத்தில் வயது முதிர்ந்த ஆசாரியார் ஒருவரைக் கண்டேன். அவர் கையில் காவி தோய்ந்த நூல் இருந்தது. விடுவேனா? நன்னூல் உவமையை அவருக்கு விரித்துரைத்தேன். பொறுமையாகக் கேட்ட அவர் சிரித்துக்கொண்டே, “ஐயா, நூல் எங்கே கோணலை எடுக்குது? கோணல் இன்ன இடத்திலே இருக்குதுன்னு காட்டும், அவ்வளவுதான். எடுக்கிறது வாய்ச்சிங்க” என்றார்.

அடியேனுக்கு மறுமொழி தோன்றவில்லை. முனிவர் வாக்குப் பிழையா, ஆசாரியார் அனுபவம் பிழையா என்ற கேள்வி நெடுநாள் நெஞ்சில் முள்ளாக இருந்தது. அதற்கு விடை தேடும்போதுதான் அவருடைய கருவிகளைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

முழக்கோல்

கருவிகளில் முதலாவது அளவுகோல். நம் முன்னோர் அளவுமுறை அணுவிலிருந்து தொடங்குகிறது. அணு 8 கொண்டது ஒரு தேர்த்துகள். அவ்வாறே எட்டெட்டாகப் பெருகிப் பஞ்சிழை, மயிர், நுண்மணல், சிறுகடுகு, எள், நெல் என்று வளர்ந்து, நெல் 8 கொண்டது ஒரு விரல் ஆகும். விரல் 12 ஒரு சாண். சாண் 2 ஒரு முழம். இவ்வாய்பாட்டில் தேர்த்துகள் என்பது தேர் ஓடும்போது எழுகிற தூசி. தேர் செய்யும் அளவு தேரின் தூசியிலிருந்தே பிறக்கிறது! மாடவீதியில் வடம் பிடிக்கும்போது நம் தலைமேல் படிகிற அத்தூசியை இனி வெறுந்தூசி என்று எண்ணாதீர்கள்.

மயமதம் என்னும் சிற்பநூல் கோலின் நீளத்தையும் பணிக்கேற்ப வகுத்திருக்கிறது. ஊர்திகளுக்கும் கட்டில்களுக்கும் 24 விரற்கோல், விமானத்துக்கு 25, மனைகளுக்கு 26, ஊர் அமைப்புக்கு 27. பணிக்குத் தக்கவாறு கோல் வேறுபடலாம். ஆனால் ஒரு பணி தொடங்கி முடியும்வரை அதே கோல்தான்.

திருவுருவங்களுக்கோ வெளிக்கோல் உதவாது. உருவத்தின் உயரத்தையே பகுத்து அதிலிருந்து விரல் காண்பார்கள். உத்தம தசதாலம் என்னும் அளவில் உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை ஒரு விரலாகக் கொள்வார்கள். சுவாமிமலையில் ஐம்பொன் வார்க்கும் ஸ்தபதிகள் தென்னையோலையை நறுக்கி மடித்து மடித்தே இவ்வளவுகளைக் காண்கிற முறை இருக்கிறது. பெரிய திருவுருவத்துக்குப் பெரிய விரல், சிறியதற்குச் சிறிய விரல். பக்குவத்துக்கேற்ற உபதேசம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

நம் நாட்டில் 1956-இல் இயற்றிய சட்டத்தின்படி மெட்ரிக் அளவு 1958 முதல் படிப்படியாக வழக்குக்கு வந்தது. இன்று பட்டறையில் எஃகு நாடாவும் இருக்கும்; தொழிலாளர் வாயில் அங்குலமும் இருக்கும். அளவின் பெயர் மாறினாலும், அளந்த பிறகே அறுப்பது என்னும் நெறி மாறவில்லை.

தூக்குநூலும் காவிநூலும்

மரம் பட்டறைக்கு வரும்போது உருண்டையாகவும் வளைந்தும் வரும். தேருக்கு இலுப்பையும் வேங்கையும் தேக்கும் பயன்படுகின்றன. எந்த மரமானாலும் பிறந்தபடியே நேராக வருவது அரிது. அதில் நேர்கோடு எப்படிப் போடுவது? பிடித்துக்கொள்ள ஒரு விளிம்புகூட இல்லையே!

முதலில் மரத்தை அசையாதபடி முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். பிறகு தூக்குநூல். கயிற்றின் நுனியில் குண்டு தொங்கும். மரத்தின் ஒரு தலைமுகத்தில் அதைப் பிடித்து, அது ஆடி ஓய்ந்ததும் நடுக்கோடு வரைவார்கள். மறு தலைமுகத்திலும் அவ்வாறே செய்வார்கள். மரம் எவ்வளவு முறுக்கிக்கொண்டிருந்தாலும், அதன் இரு தலைகளிலும் இப்போது ஒன்றுக்கொன்று இணையான செங்குத்துக் கோடுகள் கிடைத்துவிட்டன. குண்டு மரத்தைக் கேட்டுத் தொங்குவதில்லை. நிலத்தின் ஈர்ப்பைக் கேட்டுத் தொங்குகிறது. ஆடுகிறவரை அது உண்மை சொல்லாது. ஓய்ந்த பிறகே சொல்லும். மனமும் அப்படித்தான் அன்றோ?

அடுத்தது காவிநூல். பருத்தி நூலைச் செங்காவி நீரிலோ கரி நீரிலோ தோய்த்து, இரு தலையிலும் உள்ள நடுக்கோடுகளின் மேல்முனைகளில் இருவர் இழுத்துப் பிடிப்பார்கள். ஒருவர் நூலின் நடுவை இரண்டு விரலால் தூக்கி விடுவார். ‘சடக்’கென்று ஓர் ஒலி, மரத்தின் முதுகில் தலைமுதல் கால்வரை ஒரு சிவந்த கோடு! இதற்கு நூல் அடித்தல் என்று பெயர்.

இதில் நுட்பங்கள் மூன்று. நூல் தளரக்கூடாது; தளர்ந்தால் கோடு பரவும். நேர்மேலே தூக்கி விடவேண்டும். பக்கமாக இழுத்து விட்டால், வளைந்த முதுகில் கோடும் வளைந்தே விழும். ஒருமுறைதான் அடிக்கவேண்டும், ஐயப்பட்டு மறுமுறை அடித்தால் இரண்டு கோடு விழும், எது மெய் என்று தெரியாது. மரம் மிக நீளமானால் நடுவில் ஒருவர் நூலை விரலால் அழுத்திக்கொள்ள, இரு பாதியையும் தனித்தனியே அடிப்பார்கள்.

நூல் விழுந்தவுடன் ஓர் அதிசயம் நிகழ்கிறது. அதுவரை நேராகத் தோன்றிய மரம் கோணலாகத் தெரிகிறது. மரம் மாறவில்லை. அதன்மேல் நேர் ஒன்று வந்து கிடந்ததால் அதன் கோட்டம் வெளிப்பட்டது. நம்மை நல்லவர் என்று எண்ணியிருந்த நாம், நாயன்மார் ஒருவர் வரலாற்றைக் கேட்டவுடன் தலைகுனிகிறோமே, அதுவும் இப்படித்தான்.

மூலைமட்டம், கீறும் முள், கவராயம்

மரத்தைச் சதுரித்து ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் முதலில் செம்மை செய்வார்கள். அந்த முகத்துக்கு ஓர் அடையாளம் இடுவார்கள். அதன்பின் எல்லா அளவும் அந்த ஒரு முகத்திலிருந்துதான். ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்தும் மற்றொன்றை அந்தப் பக்கத்திலிருந்தும் அளந்தால் சிறு சிறு பிழைகள் கூடிப் பெரும்பிழையாகும். நமக்கும் ஆதாரம் ஒன்றே இருக்கவேண்டும்.

செங்கோணம் பார்க்க மூலைமட்டம். மூலைமட்டமே கோணலாக இருந்தால் என்ன செய்வது? அதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நேரான விளிம்பில் அதை வைத்து ஒரு கோடு கீறுங்கள். பின்பு அதைப் புரட்டி மறுபக்கமாக வைத்து, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு கீறுங்கள். இரண்டும் ஒன்றானால் மட்டம் மெய்யானது. பிரிந்தால், அப்பிரிவில் பாதி மட்டத்தின் பிழை. தன் பிழையைத் தானே இரட்டித்துக் காட்டும்படி கருவியைச் சோதிக்கிறான் தச்சன். பிறரை அளக்கப் புகுமுன் அளக்கிற கோலை அளப்பது மேடை ஏறுகிற அடியேன் போன்றார்க்கு இன்றியமையாதது.

விளிம்புக்கு இணையாகக் கோடு போட, முள் பதித்த சிறு கட்டை ஒன்று உண்டு. கழுந்துக்கும் அது புகும் துளைக்கும், முள்ளின் இடைவெளியை மாற்றாமல் ஒரே அமைப்பில் கீறுவதால்தான் ஒன்று மற்றொன்றில் ஊசி நுழைய இடமின்றிப் பொருந்துகிறது. தேரின் பெருஞ்சட்டங்கள் இவ்வாறு கழுந்தும் துளையுமாகக் கூடித்தான் அத்தனை பாரத்தைத் தாங்குகின்றன. ஆனால் இக்கட்டைக்கு ஒரு குறை உண்டு. அது விளிம்பைப் பற்றிக்கொண்டு ஓடுவது. விளிம்பு கோணினால் அதன் கோடும் கோணும். காவிநூலோ எந்த விளிம்பையும் பற்றுவதில்லை. பிறரைப் பார்த்து ஒழுகுவதற்கும் நூல்வழி ஒழுகுவதற்கும் இதுவே வேற்றுமை.

வட்டத்துக்குக் கவராயம். அதன் கால்களை அகற்றிய அகலத்தை மாற்றாமல் வட்டத்தின்மேல் அடிவைத்து நடந்தால் ஆறாம் அடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பீடத்துத் தாமரையின் ஆறு இதழ் அப்படிப் பிறக்கிறது. ஒரு கால் ஊன்றி நிற்க, மறு கால் சுற்றிவருகிறது. ஊன்றிய கால் வழுவினால் வட்டம் கெடும்.

பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. கூரிய இரும்பினால் கீறிய கோட்டுக்கு அகலம் இல்லையென்றே சொல்லலாம். அது நார்களை முன்னமே வெட்டிவிடுவதால் உளியின் வாய் அதற்குள் தானே சென்று அமரும். அறுக்கும்போதோ கோட்டினை மரத்திலே நிறுத்திவிட்டுக் கழிவுப் பக்கத்தில் அறுக்கவேண்டும். கோட்டினையே அறுத்துவிட்டால், அறுத்தது சரியா என்று சாட்சி சொல்ல ஒன்றும் இராது.

நூலைப் பிடிப்பவன்

இத்தொழிலுக்கு நம் நூல்கள் தந்த இடத்தைப் பாருங்கள். மயமதம் சிற்பிகளை நால்வராக வகுக்கிறது. முழுவதும் அறிந்து நடத்துபவன் ஸ்தபதி. நூலும் கோலும் கொண்டு அளவு குறிப்பவன் சூத்திரகிராகி. செதுக்குபவன் தட்சகன். இணைத்து வளர்ப்பவன் வர்த்தகி. சூத்திரகிராகி என்றால் நூலைப் பிடிப்பவன் என்பது பொருள். அவன் ஸ்தபதியின் மகனோ மாணாக்கனோ ஆவான் என்றும் அந்நூல் கூறுகிறது. வெட்டுகிறவனுக்கு முன்னே கோடு போடுகிறவனை வைத்தார்கள். ஏன்? கோடு பிழைத்தால் துடைத்து மீண்டும் போடலாம். வெட்டுப் பிழைத்தால் மரம் போயிற்று.

சூத்திரம் என்னும் வடசொல்லுக்கும் நூல், இழை என்பதே பொருள். மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆனது. அவை பன்னிரண்டும் உயிராகிய மரத்தின்மேல் அடித்த பன்னிரண்டு நூல்கள் என்று கொண்டால், தச்சனுடைய பட்டறையும் சித்தாந்த வகுப்பும் வெகுதூரத்தில் இல்லை என்பது விளங்கும். இவ்வுறவை நவராத்திரியிலும் காணலாம். அப்பூசையில் வீட்டிலே ஏட்டையும் பட்டறையிலே கருவிகளையும் வைத்து வழிபடுகிறோம். ஓரிடத்தில் கற்கும் நூல், ஓரிடத்தில் காவிநூல். இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே பூசை.

இன்று சுவரிலும் மரத்திலும் செவ்வொளிக் கோடு பாய்ச்சும் கருவிகள் வந்துவிட்டன. கணினி சொன்னபடி செதுக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றைப் பழிப்பது அடியேன் நோக்கமன்று. நேர்கோடு எதனால் விழுந்தாலும் நேர்கோடுதான். பழைய முறையைக் கற்பிக்க மாமல்லபுரத்தில் 1957-இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்து, கல், உலோகம், சுதை இவற்றோடு மரச்சிற்பத்தையும் கற்பிக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நூல் பிடிக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன.

முள் நீங்கிய விதம்

இனி, ஆசாரியார் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நூல் கோட்டத்தைத் தீர்க்கும் என்றார் முனிவர். நூல் காட்டும், தீர்ப்பது வாய்ச்சி என்றார் ஆசாரியார். நெடுநாள் எண்ணிப் பார்த்தபோது அடியேனுக்குத் தோன்றியது இது: இருவரும் மெய்யே சொன்னார்கள். நூல் இல்லாத வாய்ச்சி கோணலைத் தீர்க்காது, மரத்தைத்தான் தீர்க்கும். வாய்ச்சி எங்கே இறங்கவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கட்டளையிடுவது நூல். ஆதலின் தீர்த்த பெருமையை முனிவர் நூலுக்கே தந்தார். தச்சுப் பட்டறையில் நூல் அடித்த மரத்தை யாரும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. அடித்தால் அடுத்து வாய்ச்சி இறங்கும். அதனால் முனிவர் அதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம். காவிக்கோடு நிலையானதன்று. கை பட்டால் கலையும். மழை பட்டால் கரையும். அடித்த அன்றே வெட்டத் தொடங்காவிட்டால் சில நாளில் கோடும் இராது, கோணல் மட்டும் இருக்கும். நாற்பது ஆண்டாக ஆண்டுதோறும் விழாச் சொற்பொழிவு கேட்கிறோம் என்று பெருமை பேசும் அன்பர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டாகச் சொல்கிறேன் என்று பெருமை பேசிய ஒருவனும் இருந்தான், அவன் அடியேனே. மரத்தின்மேல் நாற்பது முறை நூல் அடித்திருக்கிறது. வாய்ச்சி எத்தனை முறை இறங்கியது? சினம் இருந்த இடத்தில் இருக்கிறதா, ஒரு சிராய் அளவேனும் குறைந்ததா? இதைத்தான் அந்த முதியவர் அன்று தம்மை அறியாமலே என்னைக் கேட்டார்.

நூலையும் வாய்ச்சியையும் ஒருங்கே தம் உள்ளத்தில் எடுத்தவர் ஒருவர் நம் சென்னைக்கு அருகே திருநின்றவூரில் வாழ்ந்தார். அவர் பூசலார் நாயனார். கோயில் எழுப்பப் பொருள் கிடைக்காதபோது மனத்திலே எழுப்பத் துணிந்தார். சேக்கிழார் சுவாமிகள் அதை ‘நினைத்தார்’ என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடவில்லை. வேண்டிய சாதனங்களையும் தச்சரையும் மனத்தால் தேடிக்கொண்டார் என்கிறார். நல்ல நாள் பார்த்து, ஆகம முறைப்படி அடிநிலை வகுத்தார் என்கிறார். இரவிலும் கண்துயிலாமல் ஒவ்வோர் உறுப்பாக நாள்பட எழுப்பினார் என்கிறார். மனக்கோயிலே ஆனாலும் அளவு தப்பாமல், வரிசை பிறழாமல், அரைகுறையாக விடாமல் முடித்தார். ஆதலினால்தான் காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்றளியின் குடமுழுக்கு நாளை மாற்றச் சொல்லிவிட்டு, பெருமான் அந்த மனக்கோயிலுக்கு எழுந்தருளினான்.

‘கோட்டம்’ என்னும் சொல்லுக்குக் கோணல் என்பதோடு கோயில் என்றும் ஒரு பொருள் உண்டு. மனக்கோட்டம் கோணலாகவே நிற்பதும், கோயிலாக மாறுவதும் கோடு விழுந்த பிறகு நாம் செய்வதைப் பொறுத்தது.

அன்பர்களே, அடுத்த பங்குனியில் வாகனம் உங்கள் முன்னே வரும்போது பெருமானைத் தொழுங்கள். தொழுத பின் ஒரு கணம் வாகனத்தையும் பாருங்கள். அந்த வளைவில், அந்தத் தோளில், அந்தப் பாதத்தில் ஒரு நாள் சிவந்த கோடு ஒன்று கிடந்தது. இன்று அதைக் காண முடியாது. கோடு சொன்னபடி மரம் கேட்டுவிட்டது. ஆகவே கோட்டுக்கு இனி வேலை இல்லை. நாம் கேட்ட சொற்களும் இவ்வாறே நம்முள் மறைந்து நம் உருவமாகும்படி கற்பகவல்லியுடன் அமர்ந்த கபாலீசப் பெருமான் அருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்